புள்ளி வைக்காத சொல்

சம்மன் சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடற்கரைச் சாலைப் பயணியர் மாளிகையில், விசாரணை அதிகாரி முன்பு, 1976 ஆகஸ்டு மாதச் சுருக்கெழுத்து நோட்டுடன் ஆஜராக வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அற்புதமணி அதை இரண்டு முறை வாசித்து, மடித்து, பைபிளுக்குள் வைத்தாள். பிறகு டிரங்குப் பெட்டி இருந்த மூலைப் பக்கம் போகவே இல்லை. இருபத்தேழாம் எண் நோட்டு அந்தப் பெட்டியில்தான் கிடந்தது.

வட்டார வளர்ச்சிக் குழு அலுவலகத்தில் அவள் ஏழு வருடமாக டைப்பிஸ்ட். குழுவின் தலைவர் வன்னியபெருமாள். ஊரில் தலைவர் என்று மொட்டையாகச் சொன்னால் அது அவர்தான். அவர் யாருக்கும் உத்தரவு போட்டதாகப் பேச்சே கிடையாது. எதையும் முக்கால்வாசியில் நிறுத்திவிடுவார். "அந்தக் குழாய் விஷயம்..." என்பார், மறுநாள் தெருவில் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். "அந்த வாத்தியார் கொஞ்சம் அதிகமா..." என்பார்; அடுத்த வாரம் அந்த வாத்தியார் பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். நல்லது நடந்தால் தலைவர் சொல்லி நடந்தது. கெட்டது நடந்தால் கேட்டவன் தப்பாகக் கேட்டுவிட்டான்.

சிலாபத் திடலும் அப்படித்தான் ஆனது. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் கூடாரங்கள் போட்ட மணல்வெளி அது. முத்து நின்ற பிறகு, சங்கு குளிக்கிறவர்கள் முப்பத்தோரு குடிசை கட்டி இருந்தார்கள். நெருக்கடி நிலைச் சமயம் மந்திரி வருகிறார் என்றார்கள். 'மேற்படி வரிசை முழுவதும் வெள்ளிக்கிழமைக்குள் உடைக்கப்பட வேண்டும்' என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனது. தலைவர் சொல்ல, அற்புதமணி எழுதி, அவளே டைப் அடித்த கடிதம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு லாரியில் ஆள் வந்து இறங்கினார்கள். பதினாலாவது குடிசைக்குள் ரோச் என்ற சங்கு குளிப்பவன் படுத்திருந்தான். உத்திரம் அவன் நெஞ்சில் விழுந்தது.

இப்போது ஆட்சி மாறி, அந்தக் காலத்தில் நடந்ததையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் தோளில் கிடந்த துண்டுக்கும் கரை மாறியிருந்தது. நாற்காலி அதேதான்.

திங்கட்கிழமை காலை தெருக் குழாயடியில் தளவாய் வந்து நின்றான். தலைவருக்கு வலது கை, இடது கை இரண்டும் அவன்தான்.

"என்ன தங்கச்சி, தண்ணி நல்லா வருதா?"

"வருது அண்ணாச்சி."

"தலைவர் போட்ட குழாயில்லா. ஒத்த போனு. ஒரு கடுதாசி கிடையாது." குழாயைத் தட்டிப் பார்த்தான். "வியாழக்கிழம கூப்பிட்டிருக்காவளாமே. அந்த நோட்டு இருக்கா, தொலஞ்சு போச்சா?"

தொலைந்தது என்று சொல்லியிருக்கலாம். வழியையும் அவனே காட்டிக் கொடுத்திருந்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். "இருக்கு" என்றாள். அதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. பயத்தில், கேட்காததையும் சொல்லிவிட்டாள்: "ஆனா அந்த இடத்துல நான் புள்ளி வைக்கல அண்ணாச்சி."

"என்ன புள்ளி?"

சொல்லிக் கொடுத்தாள். சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்துக்குக் கோட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி; அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் அ எது, உ எது என்று தெரியும். வேகத்தில் புள்ளியை விட்டுவிட்டு, பிறகு வாக்கியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். 'உடைச்சிரணும்' என்று எழுதினாலும் 'அடைச்சிரணும்' என்று எழுதினாலும் கோடு ஒன்றுதான்.

தளவாய் குழாயிலிருந்து கையை எடுத்தான். "அடைச்சிரணும்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "உடைச்சிரணும்." அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

மறுநாளே பதில் வந்துவிட்டது. தளவாய் அலுவலகத்துக்கே வந்து, அவள் டைப் மெஷினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தலைவர்ட்ட சொன்னேன். சிரிச்சாவ. 'அட, நான் அடைக்கத்தான சொன்னேன்'னாவ. மந்திரி வாரப்போ கண்ணுல படாம, முன்னால ஓலத்தட்டி வச்சு அடைக்கச் சொல்லியிருக்காவ. நீ உடைக்கன்னு அடிச்சிட்ட. நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டாவ."

"நான் காதால கேட்டேன் அண்ணாச்சி."

"வாய் நெறைய வெத்தல. அதுல அ எது, உ எது? நீயே நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

அவள் நினைத்துப் பார்த்தாள். தலைவர் சன்னல் பக்கம் நடந்தபடி சொன்னது ஞாபகம் இருந்தது. வெற்றிலை மென்றதும் ஞாபகம் இருந்தது. சொல் மட்டும் இரண்டு நாளாக மாறி மாறிக் கேட்டது. ஒரு நேரம் உடை. ஒரு நேரம் அடை. தன் கைதான் பிசகியதோ? ரோச்சைக் கொன்றது இந்த விரல்தானோ? டைப் மெஷினில் 'உ' எழுத்தைத் தொடவே கை கூசியது.

"கை பிசகிட்டு, ஐயா, மன்னிச்சிருங்கன்னு சொல்லு. ஒரு மெமோ தருவாவ. மிஞ்சிப்போனா வேற ஆபீசு. மாட்டேன்னா..." தளவாயும் முக்கால்வாசியில் நிறுத்தினான். எழுந்து போகும்போது திரும்பி, "ஜீவமணி இன்னும் ஆறுமுகநேரி உப்பளத்துலதான இருக்காப்புல?" என்று கேட்டான். ஜீவமணி அவள் புருஷன். தளவாய் பதிலுக்கு நிற்கவில்லை.

ஒரு சாவுக்கு மெமோ கொடுத்து விட்டுவிடுவார்களா? விசாரணை முடிந்து கோப்பு போலீசுக்குப் போகும் என்று அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கோப்பில் இரண்டே பேர். கையெழுத்துப் போட்டவர் ஒருவர். கீழே சின்ன எழுத்தில் 'அ.ம.' என்று தன் பேரின் எழுத்தை அடித்தவள் ஒருத்தி.

புதன்கிழமை லீவு போட்டாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்தாள். நோட்டு ஈரக்காற்றில் தடித்திருந்தது. நாற்பத்தோராம் பக்கம். அந்தச் சொல் அப்படியே இருந்தது. புள்ளி இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை.

மூடப் போனவள் கண்ணில் அதற்குக் கீழே நாலு வரி பட்டது.

கடிதம் மேலேயே முடிந்திருந்தது. அடிக்கோடும் போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே உள்ளதை அவள் டைப் அடித்ததில்லை. எழுதிய ஞாபகமும் இல்லை. நாசரேத்தில் சுருக்கெழுத்துப் படித்தபோது போட்ட சட்டம் ஒன்று: அறையில் பேச்சு நிற்கும்வரை பென்சில் நிற்கக் கூடாது. காது கேட்பதைக் கை எழுதும். மனம் வேறெங்கோ இருக்கும். அப்படி எழுதிய வரிகள்.

வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

இதுவரை, தெரியவில்லை என்கிற பயம். அதிலாவது ஒதுங்க ஓர் இடம் இருந்தது. இனி அது இல்லை.

சாயங்காலம் ஜீவமணி வந்ததும் வாசித்துக் காட்டினாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிழிச்சிரு."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன்."

"ஒன்ன யாருளா நம்பர் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"தலைவர் எழுத வேண்டாம்னாலும் எழுதுவ. யாரும் கேக்காமலே நம்பர் போடுவ. ஒன்னக் கட்டி வச்சானே எங்க மாமன், அவனச் சொல்லணும்." சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு, "இன்னைக்கு உப்பளத்துல மேஸ்திரி என் பேரு, ஊரு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. பத்து வருசமா என்னத் தெரிஞ்ச மனுசன்" என்றார்.

அற்புதமணி நோட்டைச் சேலைத் துண்டில் சுற்றி வைத்தாள். கிழிக்கவுமில்லை, வாசிப்பேன் என்று முடிவு செய்யவுமில்லை.

வியாழக்கிழமை பயணியர் மாளிகை வாசலில் ஹில்டா நின்றிருந்தாள். ரோச்சின் மனைவி. அற்புதமணி அவளைத் தூரத்தில் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. ஒதுங்கிப் போகப் பார்த்தாள். ஹில்டா குறுக்கே வந்தாள்.

"அந்த லெட்டர அடிச்சது நீதானா?"

"ஆமா."

"எல்லாரும் ஓடியாந்துட்டாங்க. இவரு மட்டும் வரல. ஏன்னு கேட்டியா?" அவள் சண்டைக்கு வந்தவள்போல இல்லை, அளந்த குரலில் சொன்னாள். "முந்தின நாள் ஆழத்துல சங்கு எடுத்தாரு. ரெண்டு காதும் அடைச்சிருந்துச்சு. லாரி வந்ததே கேக்கல அவருக்கு."

அடைச்சிருந்துச்சு. அற்புதமணிக்கு நோட்டின் நாலு வரியில் இரண்டாவது வரி கண் முன்னால் வந்தது.

உள்ளே விசாரணை அதிகாரி, ஓய்வு பெற்ற நீதிபதி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஸ்டெனோ. முன்வரிசையில் தலைவர், மடியில் துண்டு. பின்னால் தளவாய். தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஏழு வருடமாகத் தினமும் காலையில் அசைக்கும் அதே தலையசைப்பு. அதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"அந்தக் கடிதத்தை நோட்டில் இருக்கிறபடி வாசியுங்கள்" என்றார் அதிகாரி.

வாசித்தாள். உரக்க என்றார்கள்; குரலை உயர்த்தினாள். 'மேற்படி வரிசை முழுசும் வெள்ளிக்கு முன்னால...' என்ற இடம் வந்தது. ஓர் எழுத்துத்தான். அ என்று வாயைத் திறந்தால் ஜீவமணியின் வேலை இருக்கும். உ என்று குவித்தால் என்ன இருக்கும் என்று தெரியாது.

"உடைச்சிரணும்" என்றாள்.

தலைவர் கோபப்படவில்லை. இருமிவிட்டு எழுந்தார். "ஐயா, பிள்ள மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கைதான, பிசகத்தான் செய்யும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அம்மா, அந்த எழுத்துக்குப் புள்ளி வச்சிருக்கியா?"

"இல்ல."

"இல்லன்னா அத அடைச்சிரணும்னும் வாசிக்கலாம். சரிதானம்மா?"

அதிகாரியின் ஸ்டெனோ எட்டி நோட்டைப் பார்த்தார். அவருக்கும் வாசிக்கத் தெரியும். "வாசிக்கலாம் சார்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். தளவாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். எல்லாம் முடிந்துபோனது மாதிரி இருந்தது. இப்போது நோட்டை மூடிவிட்டால் போதும்; ஒருத்தியின் கை பிசகியது என்று எழுதிக்கொள்வார்கள். பின்சுவரோரம் ஹில்டா நின்றிருந்தாள்.

"இன்னும் நாலு வரி இருக்கு ஐயா" என்றாள் அற்புதமணி.

"கடுதாசிதான் முடிஞ்சிட்டே" என்றார் தலைவர்.

"கடிதம் முடிஞ்சிட்டு. பேச்சு முடியல."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். "வாசியுங்கள்."

மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தாள்.

"தளவாய் அண்ணாச்சி: 'குடிசைக்குள்ள ஆளு இருந்தா?' தலைவர்: 'ஓலய இழுக்கிற சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடிருவானுவ.' தளவாய் அண்ணாச்சி: 'ஒரு நா முன்னால சொல்லிருவமா?' தலைவர்: 'சொன்னா வக்கீலப் பாப்பானுவ. வேண்டாம். இத எழுதாதம்மா.'"

ஓலைத்தட்டி கட்ட எதற்கு ஆட்கள் எழுந்து ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. ஸ்டெனோவின் பென்சில் நின்றிருந்தது. "கடைசி வரியும் எழுதணுமா சார்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எல்லாவற்றையும் எழுதுங்கள்" என்றார் அதிகாரி. நோட்டைக் கேட்டு வாங்கி, பக்க எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் வரிசையாக இருந்தன. ரசீது எழுதிக் கொடுத்து, நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஹில்டா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "சத்தம் கேட்டா" என்று மட்டும் சொன்னாள். தன் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. தலைவரின் கார் படியை ஒட்டி நின்றது. தளவாய் கதவைத் திறந்து பிடித்திருந்தான். அற்புதமணி தூணோரம் ஒதுங்கினாள். தலைவர் காரில் ஏறப் போனவர், நின்று, அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"பாத்துப் போம்மா" என்றார்.

கார் போய்விட்டது. வெயிலில் போகிற ஒரு பெண்ணிடம் எந்தப் பெரியவரும் சொல்லுகிற வார்த்தைதான். அக்கறையாகவும் எடுத்துக்கொள்ளலாம். வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

அற்புதமணி தூணுக்குப் பின்னால் போய்ப் பையைத் திறந்தாள். ரசீதின் பின்பக்கத்தில் தேதி போட்டாள். மணி பன்னிரண்டு பத்து என்று போட்டாள். யார் சொன்னது, யார் பக்கத்தில் நின்றது என்று எழுதினாள். பிறகு 'பாத்துப் போம்மா' என்ற இரண்டு சொல்லையும் சுருக்கெழுத்தில் எழுதி, ஒன்று விடாமல் எல்லாப் புள்ளியையும் வைத்தாள்.