நாற்பத்தொரு சென்டிமீட்டர்

என் சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருவிலிருந்தே தெரிந்தது. கடைக்குள் கால் வைப்பதற்குள் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

முப்பது வருடப் பழைய மலைச் சைக்கிள் அது. டைட்டானியச் சட்டம். முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இன்னொருவர் ஓட்டியதை வாங்கினேன். முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஃபோர்க் அந்தக் காலத்தில் குட்டை. சக்கர அச்சிலிருந்து சட்டத்தைத் தொடும் இடம்வரை நாற்பத்தொரு சென்டிமீட்டர். இப்போது வருவதெல்லாம் நெட்டை. நெட்டையை மாட்டினால் ஏற்றத்தில் ஹேண்டில் தள்ளாடும், சட்டத்தின் கழுத்து வெல்டிங்கில் இழுவை கூடும். டைட்டானியம் விரிசல் விட்டால் இந்த ஊரில் ஒட்டித் தர ஆளில்லை. அதனால்தான் நாலு மாதம் தேடி, ஸ்பிரிங் இல்லாத ஒரு பழைய இரும்பு ஃபோர்க்கைப் பிடித்து, அளவைச் சீட்டில் எழுதி, காலையில் இங்கே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாட்டியிருந்ததோ கறுப்புக் கார்பன். டேப்பை வைத்தேன். நாற்பத்தேழு.

"இது என்னங்க?"

"லேசா இருக்கும்மா. பார்க்கவும் கம்பீரம்," என்றார் கடைக்காரர். "உங்க அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் மாட்டினேன்."

"வண்டி யாரோடது?"

"உங்களோடதுதான்."

"பொண்ணை விட்டுட்டு ஊரெல்லாம் சம்மதம் கேக்கற மாதிரி இருக்கு. என் ஃபோர்க் எங்க?"

அவர் பார்வை பின்பக்கம் போனது. நானும் போனேன். என் ஃபோர்க் வைஸில் இறுக்கியிருந்தது. மேல்குழாயில் சாக்பீஸ் கோடு. அதில் அறுத்தால் என் சட்டத்துக்கு மூன்று விரல் பற்றாது. பக்கத்தில் ரம்பம்.

"பழசை எடுத்துக்கங்கன்னு அண்ணன்தான் சொன்னார். வேற ஒரு சின்ன வண்டிக்கு ஆகுமேன்னு..."

அண்ணனை ஸ்பீக்கரில் பிடித்தேன். அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். சைக்கிளில் அவனுக்குத் தெரிந்தது மணி அடிப்பது.

"ஏண்டி கத்தற? அவரு தொழில்காரரு."

"கத்தல, கேக்கறேன். ஆறு சென்டிமீட்டர் ஏத்தினா கழுத்து எத்தனை டிகிரி சாயும்? நீ சொல்லு, இல்ல அவரையாவது சொல்லச் சொல்லு."

டேப்பைச் சுருட்டிக்கொண்டே நானே சொன்னேன்.

"மூணு. சட்டம் போச்சுன்னா நீ வாங்கித் தருவியா?"

"பெரிய இன்ஜினியர்னு காட்டாத. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் என் மடியில்தான் விழும். படித்த பிள்ளையாம். நானாக ஓர் அளவு சொன்னால் மட்டும் ஆம்பளையிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

போனை அணைத்தேன். ஆலன் சாவியை எடுத்துக் கறுப்பு ஃபோர்க்கைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன்.

"அந்தக் கட்டை ஃபோர்க்கை நான் மாட்ட மாட்டேன்மா. கடை பேரு கெட்டுடும்."

"நீங்க மாட்ட வேண்டாம். ஃபோர்க்குல பேரிங் வளையத்தை அடிச்சு உட்கார வைக்கற குழாயை மட்டும் குடுங்க."

"கருவி வெளியாளுக்குத் தர்றதில்ல."

சைக்கிளைத் தோளில் ஏற்றி, வைஸிலிருந்து என் ஃபோர்க்கை உருவிக் கக்கத்தில் இடுக்கி, பேரிங் வளையத்தைப் பையில் போட்டு, முன்சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் பம்ப் தொழிற்சாலைக்கே திரும்ப நடந்தேன். அங்கே லேத் ஓட்டும் அக்கா ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரைக் கொல்லப் போற?"

"ஒரு துண்டுக் குழாய் வேணும்க்கா."

"உள்விட்டம்?"

"முப்பது மில்லி."

அவள் யாரிடமும் கேட்கவில்லை. அறுத்துப் பிசிர் எடுத்துக் கொடுத்தாள். வளையத்தை ஃபோர்க்கில் கோத்து, அதன்மேல் குழாயை நிறுத்திச் சுத்தியலை எடுத்தேன். இரண்டாவது அடியிலேயே வளையம் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தேவையே இல்லை. அதையும் அடித்தேன்.