குரல் இருந்த ஃபோல்டர்

தம்பி இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியும் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அம்மாவின் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தான். "அம்மா, மாத்திரை போட்டியா? பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்." கண் தெரியாத அம்மாவுக்காக அவனே எழுதிய புரோகிராம். அவன் குரலிலேயே தினம் ஒரு பதிவு, தினம் ஒரு கிண்டல். அம்மாவும், "போட்டுட்டேன்டா, கத்தாதே" என்று போனுக்குப் பதில் சொல்வாள்.

அந்தப் போன் தண்ணீர் வாளியில் விழுந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அக்கா புதுப் போன் வாங்கி வந்து தம்பியின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவளுக்கும் புரோகிராம் எழுதுகிற பிழைப்புதான்.

"ஒரு மணிக்குள்ள பேசிடுவானாடி?"

"பேசுவாம்மா. அரை மணி நேர வேலை."

அம்மா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒழுங்கு கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மம் அவன். சோர்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு சோர்ஸ் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. கடைசியில்தான் அவன் பேசிய பதிவுகள் அத்தனையும். அந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் புராஜெக்டில் சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோல்டரை வெளி ஃபோல்டரின் கணக்கிலிருந்து விலக்கினால்தான் சேர்ப்பேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. விலக்கினாள், சேர்த்தாள். பில்ட் ஆனதை, அதாவது போனில் ஏற்றத் தயாரான புரோகிராமை, எந்த ஃபோல்டரில் போடுவது என்று அடுத்த கேள்வி. மணி பன்னிரண்டு ஐம்பது. அவசரத்தில் அந்தக் கடைசி ஃபோல்டரையே காட்டிவிட்டாள், பாவி.

பில்ட் செய்வதற்கு முன் கம்ப்யூட்டர், காட்டிய ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிடும். தெரியாதவளா? ஆபீசில் புதிதாக வருகிறவர்களிடம், "முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்துகிறவளே அவள்தான். அந்த உபதேசமெல்லாம் ஊருக்கு.

தவறு ஏதும் இல்லை என்றது திரை. புரோகிராம் புதுப் போனில் ஏறியது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். ஒரு பதிவுகூட இல்லை. அழித்த கோப்புகள் போகும் இடத்தில் தேடினாள், அவனுடைய பழைய மெயில்களில் தேடினாள். எங்குமே இல்லை. நோய் கொண்டுபோனது போக மிச்சமிருந்தவனைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணி ஒன்று. போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அம்மா உள்ளங்கையில் மாத்திரையோடு அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"அம்மா..." என்று அக்கா உடைந்து அழுதாள்.

"ஷ்ஷ், சும்மா இருடி. அவன் பேசுறது காதுல விழாது."