கம்பைலர் காட்டிய மூன்று வரிகள்

வெண்டல் காங்காஸ் ஒரு முடிவோடுதான் கணினி முன் உட்கார்ந்தார். கோப்புகளைச் சுருக்கிப் பத்திரப்படுத்தும் ஓர் இலவச மென்பொருளை இருபது வருடமாகக் கட்டிக் காப்பவர் அவர். பராமரிப்பவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எந்த மாற்றமும் உள்ளே வராது என்பது அங்கே வழக்கம். சி என்ற பழைய நிரல் மொழியில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரஸ்ட் என்ற புதிய மொழிக்கு மாற்றலாமா என்று, கூடவே பராமரிக்கும் டெய்ட்ரி கேட்டபோது மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான்.

வெறுமனே வேண்டாம் என்று சொல்ல மனுஷனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தான் எழுதியதிலேயே தனக்கு மிகவும் பிடித்த பகுதியை வரிக்கு வரி ரஸ்டில் எழுதி, அது சரிப்படாது என்று நிரூபித்துவிட நினைத்தார். அவர் ஊரான டுலூத்தில் ஏரி உறைந்து கிடந்த ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்தார். எழுதிய நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் ரஸ்டின் கம்பைலர் அதை ஏற்க மறுத்தது. அவருக்கு ஒரே குஷி. ஹாலிஃபாக்ஸில் இருந்த டெய்ட்ரியை உடனே வீடியோவில் கூப்பிட்டார்.

"இருபது வருஷமா ஓடுற புரோகிராம். உன் செல்லப்பிள்ளைக்குப் பிடிக்கலையாம்."

"என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா, இல்ல கொண்டாடத்தான் கூப்பிட்டீங்களா?"

வேண்டாவெறுப்பாக வாசித்தார். கம்பைலர் மூன்று வரிகளைச் சுட்டியிருந்தது. முதல் வரியில், கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைக் குறித்துக்கொள்கிறார். இரண்டாவதில், இடம் போதாமல் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றுகிறார். மூன்றாவதில், காலியாகிவிட்ட பழைய முகவரிக்கே போய் நிற்கிறார். அந்த மூன்றாவது வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

பெரும்பாலும் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிடும், மாற்ற வேண்டியிராது. எப்போதாவதுதான் கிடைக்காமல் போகும். அப்போது யாரோ ஒருவருடைய கோப்பு சத்தமில்லாமல் கெடும். அப்படிக் கோப்புகளை இழந்தவர்கள் எழுதிய புகார்களுக்கெல்லாம் ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்லி, புகாரை முடித்து வைத்தவர் அவர்தான். கோளாறு டிஸ்க்கில்தான் என்று நம்பித்தான் சொன்னார். எத்தனையோ கெட்டிக்காரர்கள் அலசியும் யாருக்கும் பிடிபடாத பிழை அது. வெண்டலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

"டெய்ட்ரி, இன்னும் நிரல் ஓடவே இல்லையே. வெறுமனே படிச்சுப் பாத்தே இதைக் கண்டுபிடிச்சுதா?"

"ஆமா."

"நான் எழுதினதை இவ்வளவு கவனமா யாருமே படிச்சதில்ல. நான்கூடப் படிச்சதில்ல."

அவள் கேலி செய்யவில்லை. "உங்க பதில் என்னன்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் பார்க்கும் இடத்தில் அந்த மூன்று வரிகளை அப்படியே ஒட்டி, கீழே 'சம்மதம்' என்று எழுதினார். பிறகு, தான் முடித்து வைத்த பழைய புகார்களை ஒவ்வொன்றாக மறுபடி திறந்து, ஒவ்வொன்றின் கீழும் எழுதினார்: "உங்கள் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது."