பிரிக்காத பெட்டிகள்

மகள் சோல்வெய்க்குப் பதினொரு வயதானபோது ஹில்டிங் குடும்பத்தை விட்டுப் போனவர். அவளுக்கு முப்பது ஆனதிலிருந்து பிறந்தநாள்தோறும் ஒரு மரப்பெட்டி அனுப்பிவந்தார். பகலெல்லாம் தச்சு வேலை. வீட்டுக்கு வந்தால் மூடியில் பேரி மரத்தையும் பிர்ச் மரத்தையும் காகிதக் கனத்துக்குச் சீவிப் பதிப்பது. பிறகு பழுப்புக் காகிதத்தில் பொதிந்து, சணல் கட்டி, சிவப்பு அரக்கில் முத்திரை. பதிலுக்கு ஒரு வரியில் அட்டை வரும்: "வந்து சேர்ந்தது. நன்றி."

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் தான் வசிக்கும் யெவ்லே ஊருக்கு வரச் சொல்லியிருந்தாள். எழுபத்தாறு வயதுக்காரர் புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனார். வேறு விருந்தாளி யாரும் இல்லை. மேசையில் கேக்கும் இரண்டு கோப்பைகளும் மட்டுமே இருந்தன.

மேல்கோட்டை நடை அலமாரியில் மாட்டச் சொல்லிவிட்டு அவள் காப்பி எடுக்கப் போனாள். அவர் தவறிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருபது பொட்டலங்கள். ஓர் அரக்கு முத்திரைகூட உடைபடவில்லை.

சோல்வெய் பின்னால் வந்து நின்றாள்.

"திறந்தா உங்கள மன்னிச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல."

அவர் தலையாட்டினார். மரத்தில் பதித்ததையும் காகிதத்தில் பொதிந்ததையும் அவர்கள் மொழியில் ஒரே சொல்லால், 'இன்லாக்ட்' என்பார்கள். இவளுக்குப் போய்ச் சேர்ந்தது பொதிந்தது மட்டும்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வரவில்லை. நடையிலேயே முக்காலியில் உட்கார்ந்தார்.

அவளே கேட்டாள்: "உள்ள என்ன இருக்கு?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடியில் இருப்பதில் ஏரியும் படகும். அதற்கு மேலே தகைவிலான் குருவி. ஒரு சிறகு கோணலாகப் போய்விட்டது. பச்சை நூல் கட்டியதில் அவள் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள்.

"என் சைக்கிள் சிவப்பு."

"சிவப்பு மரம் கெடைக்கல."

அவள் லேசாகச் சிரித்தாள். ஆனால் எதையும் பிரிக்கவில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது. இருவரும் அப்படியே குடித்தார்கள். புதுப் பெட்டியையும் அவள் மற்றவற்றின் மேல் வைத்து, கதவைச் சாத்தினாள்.

வாசலில் மேல்கோட்டின் பொத்தானைப் போட அவர் தடுமாறியபோது அவள்தான் போட்டுவிட்டாள்.

"அடுத்த வருஷம் எதுவும் செய்யாதீங்கப்பா. சும்மா வாங்க."

சரி என்றார். ரயில் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நடைமேடையில் வேறு யாரும் இல்லை. மடியில் எதுவும் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.