மழையில் பார்க்காத பின்கட்டு

1

இந்தக் கதை அவமானத்தில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன்; பிறகு தைரியம் வராது.

முதல் தொடக்கம்: 'யார்க்‌ஷர் கடலைப் பார்த்து நிற்கும் ரேவன்ஸ்பி ஓட்டல், விக்டோரியா காலத்துச் செங்கல், நான்கு கோபுரங்கள், நாற்பது' — வேண்டாம். கோபுரத்தைக் காட்டி ஆளை மறைக்கிற வேலை இது.

2

ஆள், ஆர்னல்ட். பழைய கட்டடங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுபவன். அவன் எழுதுவதை வைத்துத்தான் எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவாகும். ரேவன்ஸ்பிக்குப் போன அன்று கொட்டோ கொட்டென்று மழை. ஓட்டலை மூடி, வீடுகளாகத் தடுத்து வெகுகாலம். அதில் ஒன்றில் குடியிருந்த வின்னி கார்த், ஓட்டலின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தவள், சாவியோடு வாசலில் நின்றாள்.

"பின்கட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன் கண்ணு. நாங்க துணி வெளுத்த எடம். செவரெல்லாம் பச்சை டைல்ஸ், பாத்தா அசந்துடுவே."

"வேணாங்க, இங்கேருந்தே தெரியுது."

தெரியவில்லை. காரில் உட்கார்ந்து எழுதினான்: 'பின்கட்டு பிற்காலத்தது. சிறப்பு ஏதுமில்லை.'

(உள்ளே போகாவிட்டால் 'உட்புறம் பார்க்கப்படவில்லை' என்று எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். அதில் வெட்கமில்லை. அந்த இரண்டு சொல்லைக்கூட அவன் எழுதவில்லை.)

சரி, போதும். ஆர்னல்ட் என்று யாருமில்லை. காரில் உட்கார்ந்திருந்தது நான்.

3

முன்கட்டு பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பின்கட்டை, என் வரியை நம்பி, இடித்தார்கள். பாதி இடித்த பிறகுதான் இரும்புத் தூண்களும் வாசல் கல்லில் செதுக்கிய 1874-உம் கண்ணில் பட்டன. ஓட்டல் எழுந்த அதே வருஷம்; ஓட்டலோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் வின்னியிடமிருந்து தபாலில் ஒரு பச்சை டைல் வந்தது. பிறகு போன்.

"நீ எவ்வளவோ மல்லுக்கட்டியிருப்பே, எனக்குத் தெரியாதா? எந்தப் படுபாவி அப்படி எழுதித் தொலைச்சானோ! வியாழக்கெழம டீ குடிக்க வா கண்ணு."

"ரொம்ப நன்றிங்க" என்றேன். நன்றியாம்! தூ.

4

முடிவு ஒன்று: சொல்கிறேன், மன்னிக்கிறாள். (மானங்கெட்ட ஆசை.)

முடிவு இரண்டு: டீயைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்புகிறேன். நான் செய்யக்கூடியதுதான்.

முடிவு மூன்று: வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு அடித்தேன். அதுவும் உள்ளே போகாமல் எழுதுவதுதானே?

5

இன்று வியாழன். இன்றும் மழை. டைலை மடியில் வைத்துக்கொண்டு, ரேவன்ஸ்பி வாசலில், அதே காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வின்னி ஜன்னலிலிருந்து கையாட்டுகிறாள். வெட்கமாக இருக்கிறது. முடிவை எழுத எனக்கு அருகதையில்லை, அவள் சொல்லட்டும். குடை இல்லை. பரவாயில்லை, இறங்குகி