அடிக்குறிப்பையும் சேர்த்து

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். பிரான்சி அன்பியத்துக்குத் தர வேண்டிய பணம் அது. எடமலைப்பட்டி புதூரில் ஒரே தெருவிலிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்லும் கூட்டம்தான் அன்பியம். வேளாங்கண்ணி போவதற்கென்று எல்லாரும் சேர்த்த பணத்தைப் பிரான்சியிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். புருஷனுக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றதும் யாரிடமும் வாய் திறக்காமல் எடுத்துக் கட்டிவிட்டாள்.

அவளை வைத்துக்கொள்வதா, விலக்கிவிட்டுப் போலீசுக்குப் போவதா என்று முடிவு பண்ணத்தான் அன்று டோரதி டீச்சர் வீட்டில் கூடினார்கள்.

இருதயநாதனும் பைபிளோடு வந்து உட்கார்ந்திருந்தார். அரியமங்கலத்துப் பட்டறையில் இரும்புத் தகடு தூக்கிப் பிழைக்கிற ஆள். பைபிளைத் தன் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து கூட்ட வைத்தவள் பிரான்சி. "அச்சுல இருக்கறது ஒண்ணையும் விடக் கூடாதுண்ணே" என்பாள். அவரும் விடமாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரை படித்துவிட்டுத்தான் இறங்குவார்.

அன்றைய பைபிள் வாசகத்தை நான் படிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிரான்சிக்காக அவரே தேர்ந்தெடுத்தது, தவறிய பெண்ணைக் கல்லெறிய இழுத்து வந்தவர்கள், பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னதும் ஒவ்வொருவராகக் கழன்று போன பகுதி. திணறாமல் படித்தார். முடிந்த இடத்தில் கண் தானாகப் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே பொடி எழுத்தில் இருந்ததையும் அதே குரலில் படித்தார். இந்தப் பகுதி மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லையாம்.



"அப்ப பின்னாடி யாரோ சேத்த கதையா இது?" என்றார் பிராங்க்ளின். வங்கியில் வேலை, அன்பியக் கணக்கை இப்போது அவர்தான் பார்க்கிறார். "நல்லதாப் போச்சு, நீங்களே சொல்லிட்டீங்க. அந்தம்மா விஷயத்துக்கு வருவோம்."

கதவோரம் உட்கார்ந்திருந்த பிரான்சி எழுந்தாள். "நான் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள். முடிவு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரம் இருதயநாதனால் தினமும் ஜெபிக்கும் பரலோக மந்திரத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஒரே வார்ப்பில் ஊற்றிய இரும்பு என்றல்லவா அந்தப் புத்தகத்தை நம்பியிருந்தார். இது இல்லையென்றால் இன்னும் எதெல்லாம் இல்லையோ. காப்பாற்றப் போய் அவளை நாமே தள்ளிவிட்டோமே.

வேலை முடிந்த அழுக்கோடு டோரதி வீட்டு வாசலில் நின்றார். டீச்சர் வார விடுமுறையில் விவிலியப் பட்டய வகுப்புக்குப் போகிறவர்.

"டீச்சர், அந்த அடிக்குறிப்பு பொய்தானே?"

"இல்லண்ணே. நெசந்தான்."

"அப்ப என்னாத்துக்கு நான் படிக்கக் கத்துக்கிட்டேன்?"

டோரதி அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கொஞ்ச நாள் பூசைக்கே போகல. அப்புறம் இன்னொண்ணையும் படிச்சேன். சில படிகள்ல இந்தக் கதை யோவான் நற்செய்தியிலயே வேற இடத்துல இருக்கு. சிலதுல லூக்காவுல இருக்கு. எங்க வைக்கறதுன்னு படியெடுத்து எழுதினவங்களுக்கே தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல."

"எடமில்லாம அலைஞ்சிருக்கு."

"ஆமா. அப்படியே நடந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுண்ணே. ஆனா நம்பறேன்."

அங்கிருந்து நேரே பிரான்சி வீட்டுக்குப் போனார்.

"ஞாயித்துக்கிழமை வா."

"எதுக்குண்ணே, இன்னொரு அடிக்குறிப்பு வச்சிருக்கீங்களா?"

"அதேதான். வா."

ஞாயிறன்று அதே பகுதியை, அதே அடிக்குறிப்போடு மறுபடி படித்தார். "மறைக்க ஒண்ணுமில்ல" என்றார். "இந்தக் கதைக்கு முதல்ல இடமில்ல. யாரோ நாலு பேர் விட மனசில்லாம இடம் குடுத்தாங்க. அதனால இன்னிக்கு நம்ம கையில இருக்கு. பிரான்சி பண்ணினது தப்புதான். அதுக்காக அவள விட எனக்கு மனசில்ல. எங்க வீட்டுப் பங்க அவ திருப்பித் தர வேண்டாம்."

பொதுப்பணம். ஒரு வீடு மறுத்தாலும் தள்ளுபடி கிடையாது. டோரதி தன் பங்கை விட்டார். அடுத்து எதிர்வீட்டு ஸ்டீபன்ராஜ் விட்டார். அப்புறம் கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. கடைசியில் எல்லாரும் பிராங்க்ளினைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே பணம் அவங்க கையில வேண்டாம். அதுல மாத்தமில்ல."

பிரான்சி தலையாட்டினாள்.

"மறுபடி சேத்து வேளாங்கண்ணிக்குப் போறப்ப வழிக்கு முறுக்கு உங்க பொறுப்பு. மணப்பாறைக்காரங்கதானே?"

"எத்தன கிலோ சார்?" என்றாள்.

"அத அப்புறம் பாக்கலாம்" என்று பேனாவைத் திறந்தார் பிராங்க்ளின். கணக்கு நோட்டில் பதினெட்டாயிரத்து நானூறின் மேல் ஒரு கோடு இழுத்தார்.