நாக்பூருக்கு ஒரு சார்ஜர்

சார்ஜர் அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருந்த எழுத்துகளை நீலமேகம் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருஷமாக சீல் நம்பர்களைப் படித்துப் படித்து எழுதியவர். இருந்தும் ஐம்பத்தாறு வயதுக் கண்ணுக்கு இந்த எழுத்து மசியவில்லை. பெட்டியைக் கை நீட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுவந்தார்.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கினே கீற? புட்சிருந்தா சொல்லு, பஜ்ஜி காபி வரவெக்கிறேன்” என்றார் அப்துல் வஹாப். டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, நாலடி அகலத்தில் செல்போன் சாமான் கடை அவருடையது. லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி அலமாரி நடுங்கும். அவர் பேச்சு மட்டும் நிற்காது.

“இன்புட்டு எத்தினின்னு பாக்குறேன் பாய்.”

“வர்றவன்லாம் எத்தினி பாயிண்ட் கீது, ஜல்தியா ஏறுமான்னு கேப்பான். இன்புட்ட பாக்குற மொத ஆளு நீதான்.”

நீலமேகம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். “இதுல நூத்தி எம்பதுலருந்து ஆரம்பிக்குது. ரயிலுக்கு ஆவாது. ரயில் பொட்டியில வர்ற கரண்டு நூத்திப்பத்து வோல்ட்டுதான். நூறுலருந்து எரநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கணும்.”

வஹாப் பெட்டியை வாங்கித் தாமும் ஒருமுறை படித்துப் பார்த்தார். “நானும் பதினாலு வருசமா விக்கிறேன். இத்த எவனும் சொல்லல.”

நீலமேகத்துக்கும் யாரும் சொல்லவில்லை. ரயில் ஏறித்தான் தெரிந்துகொண்டார். வருஷா வருஷம் விஜயதசமியை ஒட்டி, வியாசர்பாடியிலிருந்து பதினாலு பேர், பௌத்தர்கள் திரளும் நாக்பூர் தீக்ஷா பூமிக்குப் போய் வருவார்கள். ஏற்பாடெல்லாம் பக்கத்து பிளாக் கார்குழலி. போன வருஷம் சார்ஜர் வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தாள். அஞ்சு பாயிண்ட் என்று ஒன்றை வாங்கிப் போனார். கூடூர் தாண்டி எடுத்துச் செருகினால் அதில் விளக்கே எரியவில்லை. டிக்கெட் பார்க்க வந்தவர்தான் நூற்றுப்பத்துக் கணக்கைச் சொன்னார். நாக்பூரில் இறங்கும்போது பாதிப் பேருடைய போன் செத்திருந்தது.

அன்று, அந்த லட்சக்கணக்கான கூட்டத்தில், அவர் மனைவி குப்பம்மா தொலைந்துபோனாள். காலை பத்தரையிலிருந்து மத்தியானம் மூன்றேகால் வரை. அவளிடம் இருந்த பட்டன் போனில் இரண்டே நம்பர்கள்: ஒன்று ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அன்பரசனுடையது, மற்றது நீலமேகத்துடையது. நீலமேகத்தின் போன் அணைந்திருந்தது. ‘சார்ஜ் போய்ட்ச்சி’ என்று அவர் சொன்னார். எல்லாருக்கும் போயிருந்ததால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இந்த வருஷம், “முட்டி வலிக்குது, நான் வரல” என்று கார்குழலியிடம் குப்பம்மா சொல்லிவிட்டாள். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியல் முடிகிறது. நாளைக் காலையில் முன்பதிவு. அதற்குள் பழுதில்லாத ஒரு சார்ஜரை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்துவிட வேண்டும் என்றுதான் ஷிப்ட் முடிந்ததும் நேரே இங்கே வந்திருந்தார். நாக்பூர் போக அவளுக்கு ஆசையில்லாமல் இல்லை. அங்கே உடுத்துகிற வெள்ளைப் புடவையைப் போன வாரம் எடுத்து, துவைத்து, கஞ்சி போட்டு, திரும்பவும் பெட்டிக்குள் வைத்ததை அவர் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வஹாப் இன்னொன்றை எடுத்து வைத்தார். இன்புட் சரியாக இருந்தது. ஆனால் செங்கல் துண்டு போலக் கனத்தது. பின் அதன் முதுகிலேயே இருந்தது.

“இது நிக்காது பாய். ரயில்ல பிளக்கு எல்லாம் லொடலொடன்னு கீது. கனம் தாங்காம கீழ வுழுந்துடும்.”

“நீ வாங்க வரல நைனா, பரிச்ச வெக்க வந்துகிற.” ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்தார். ஒன்றரை மீட்டர் ஒயர், அதன் முனையில் சோப்பு டப்பா அளவில் சார்ஜர். நாலு அகலப் பாயிண்ட், இரண்டு டைப் சி. நூறிலிருந்து இருநூற்று நாற்பது. நீலமேகம் மூன்று முறை படித்தார். சரியாகத்தான் இருந்தது.

“அறுவத்தஞ்சு வாட்டு” என்றார் வஹாப். “அது மொத்தத்துக்கும், தெர்தா? ஒத்த ஆளு குத்தினா அவனுக்கே நெறைய போவும். ஆறு பேரு குத்தினா பந்தியில போடுற மாதிரி பிரிச்சுப் போடும். புதுசா ஒருத்தன் குத்தினா எல்லாத்தையும் ஒரு செகண்டு நிறுத்திட்டு, மறுபடி எண்ணிப் பிரிக்கும். அணைஞ்சிட்ச்சேன்னு பேஜாராவாத.” தம்முடைய போனைச் செருகி, பக்கத்திலேயே கடையிலிருந்த இன்னொரு போனையும் செருகிக் காட்டினார். முதல் போனின் திரை ஒருமுறை கண் மூடித் திறந்தது.

“சோக்கா கீது. இதே குடுங்க.”

“ஆமா, எதுக்கு இத்தினி உஷாரு? போன தபா இன்னா ஆச்சு?”

நீலமேகம் எல்லாரிடமும் சொன்ன கதையை அவரிடமும் சொன்னார்.

வஹாப் பில் எழுதுவதை நிறுத்தினார். “உன் போனு நான் குட்ததுதான? ஆறாயிரம் பேட்டரி அது. நீ பாட்டு கேக்க மாட்ட, படம் பாக்க மாட்ட. மூணு நாளைக்கு நிக்குமே நைனா. பத்தரைக்கே எப்டி சாவும்? குடு இப்டி, பேட்டரி கீட்டரி ஊதிக்கிச்சான்னு பாக்குறேன்.”

நீலமேகத்தின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. “இல்ல பாய், இப்போ நல்லாத்தான் கீது” என்றார். சார்ஜரை வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வஹாபின் கேள்வி கூடவே ஏறி வந்திருந்தது. அந்த போன் சாகவில்லை. அன்று பத்தரை மணிக்கு அதில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. அவர்தான் அணைத்தார்.

இறங்கிய கொஞ்ச நேரத்தில் மீதிப் பேருடைய போனும் செத்துப்போய், குப்பம்மாவின் பட்டன் போனைத் தவிர குழுவில் உயிரோடு இருந்தது அவர் போன் ஒன்றுதான் என்று ஆகிவிட்டிருந்தது. வீட்டுக்குப் பேச ஒருவர் வாங்குவார். கொடுத்து முடிப்பதற்குள் ஊரிலிருந்து இன்னொருவர் வீட்டார் கூப்பிடுவார்கள். எதிரே வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். தரையில் தார்ப்பாய் விரித்து, மேஜை போட்டு, வண்டியில் அடுக்கி, ஒரு தெரு முழுக்கப் புத்தகம். தமிழில்கூட ஒரு மேஜை இருந்தது. மற்றவர்களோடு குப்பம்மாவை விட்டுவிட்டு வந்திருந்தார். அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று பொத்தானை அழுத்தினார். திரை கறுத்ததும் ஏற்பட்ட நிம்மதி அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருந்தது. அவரை மிகவும் வருத்தியது அந்த நிம்மதிதான். அரை மணி நேரம் எப்போது நாலே முக்கால் மணி நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த இரண்டு புத்தகங்களையும் இந்தப் பத்து மாதத்தில் அவர் பிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் துணி மடித்து வைக்கும் வேலை குப்பம்மாவுக்கு. அன்று வார விடுப்பு. அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னா அது?”

“சார்ஜரு. நாக்பூருக்கு.”

“அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது.”

அவர் எதிரே தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடும் என்றார். ஒயர் நீளம், தொங்கி விழாது என்றார். ஆறு பாயிண்டையும் தொட்டுக் காட்டினார். இவ்வளவு தொடர்ச்சியாக அவர் பேசிப் பல நாளாகியிருந்தது. “இந்த ஓரத்துல கீறது உனக்கு. உன் பட்டன் போன் ஒயரும் சேரும். வேற யாரையும் குத்த வுட மாட்டேன்.”

குப்பம்மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “எனக்கு எதுக்குயா? எம்போன்ல அன்னிக்கும் சார்ஜ் இருந்துச்சி. பத்தொம்போது தபா உனக்கு அடிச்சேன்.”

‘எம்போன்லதான சார்ஜ் போய்ட்ச்சி’ என்கிற வாக்கியம் பழக்கத்தில் அவர் நாக்குக்கு வந்துவிட்டது. மடியில் சார்ஜர் புதுப் பிளாஸ்டிக் வாசனையோடு கிடந்தது. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் அவள் வரவே மாட்டாள் என்று தோன்றியது. சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய், ரயிலில் இந்தச் சார்ஜரைச் செருகி, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தார்.

“என் போன்லயும் இருந்துச்சி குப்பு” என்றார்.

அவள் நிமிரவில்லை. இன்னும் நாலு மீன் ஆய்ந்தாள்.

“தெரியும்.”

“எப்டி?”

“சாயங்காலம் எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ புட்ச்சியே. செத்துப்போன போன்ல எப்டியா போட்டோ புட்ச்ச?”

அது அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் படம் இப்போதும் அவர் போனில் இருக்கிறது. அவரைத் தவிர மற்றப் பதின்மூன்று பேரும் வெள்ளை உடுத்தி நிற்கிறார்கள்; ஓரத்தில் குப்பம்மா, சிரிக்காமல்.

“ஏன் நீ கேக்கல?”

“நீயே சொல்வன்னு பாத்தேன். ரயில்ல சொல்வன்னு பாத்தேன். வூட்டுக்கு வந்து சொல்வன்னு பாத்தேன். பொங்கல் வந்துச்சி, போச்சி. அப்பால நானும் வுட்டுட்டேன்.”

கீழே தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போடும் சத்தம் கேட்டது. அவர் சொல்லத் தொடங்கினார். தொடர்ந்து வந்த போன்கள், புத்தகத் தெரு, அரை மணி நேரம் என்று அணைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். நிம்மதியாக இருந்தது என்பதையும் விடாமல் சொன்னார். “பொம்பளைங்கோ கூட கீறன்னு நெனச்சேன். உன்ன காணோம்னே எனக்குத் தெரியாது.”

“அதான்” என்றாள் குப்பம்மா. ஆய்ந்த மீனையும் ஆயாத மீனையும் ஒரே சட்டியில் போட்டிருந்ததைக் கவனித்து, திரும்பப் பிரித்தாள். “ஒரு கெழவிக்கு மயக்கம் வந்துட்ச்சின்னு தண்ணி புடிக்கப் போனேன். திரும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணோம். ஓசூர்ல கீற புள்ளைக்கு அடிச்சி இன்னா ஆவும்? டேங்கு பக்கத்துல குந்திக்கினேன். எழுந்து போனா, நீ தேடிக்கினு வர்ற நேரத்துல நான் இல்லாம பூடுவேனேன்னு, கார்குழலி வந்து பாக்குற வரிக்கும் ஒன்னுக்குக்கூடப் போவாம குந்திக்கினு இருந்தேன். அத்தினி நேரமும் நீ தேடிக்கினு கீறன்னு நெனச்சேன்யா.”

நீலமேகம் சார்ஜரின் ஒயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். குப்பம்மா எழுந்து மீனைக் கழுவி மஞ்சள் தடவினாள். சமையல் மேடையைத் துடைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, பிரிட்ஜ் மேல் இருந்த பட்டன் போனை எடுத்து அழுத்தினாள்.

அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.

“எடு” என்றாள்.

எடுத்துக் காதில் வைத்தார்.

“எங்க கீற?” குரல் அடுப்படியிலிருந்து ஒருமுறையும் போனிலிருந்து ஒருமுறையும் வந்தது.

“வூட்ல.”

“வூட்ல எங்க?”

“உன் எதுர்ல.”

அவள் போனை வைக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனிலேயே பேசினாள். “கார்குழலியாண்ட எம்பேர எழுதச் சொல்லு. பொம்பளைங்கோ கூட சீட்டு போடட்டும், உன் பக்கத்துல வாணாம். அங்க எறங்கினதும் நீ புக்கு கடைக்குப் போ. எத்தினி நேரம் வேணா இரு. நான் வாணாம்னு சொல்ல மாட்டேன். போன மட்டும் அணைக்காத. நான் அடிச்சா எடு. பேசக்கூட வாணாம், எடு.”

“எடுக்குறேன்.”

“முட்டி வலி நெசந்தான். நடுவுல நடுவுல குந்துவேன்.”

“சரி.”

அவள் அணைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். நீலமேகம் கார்குழலியின் நம்பரைத் தேடி அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்கண்ணா. அக்கா இன்னா சொன்னாங்கோ? லிஸ்ட்ட மூடிடட்டுமா?”

“வரா. எழுதிக்கமா. சீட்டு உங்க கூடவே போடு.”

“அப்போ முட்டி வலி?”

“அது கீது. குந்திக் குந்தி வருவா.” அவர் குப்பம்மாவைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கரண்டியை அசைக்காமல் நின்றிருந்தாள். “இன்னொன்னு சொல்லணும்மா. போன வருசம் நடந்தத பத்தி. வேலையா கீறியா, இப்போ சொல்லலாமா?”

“சொல்லுங்கண்ணா” என்றாள் கார்குழலி.